ராயப்பன் வீட்டுத் தண்ணீர்

இன்று காலை ஆம்பூர் ரயிலடியில் இறங்கிய வெள்ளைக்காரர் ஒருவர், தோல் பதனிடும் ஷாப்புப் பக்கமிருந்து வந்த காற்றுக்குக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். உடனே உன் ஞாபகம் வந்தது. நீ கண்ணை மூடி இரண்டு வருஷமாகிறது.

நீயும் நானும் ஒரே தோல் ஷாப்பில் குமாஸ்தாக்கள். உருது, தமிழ், இங்கிலீஷ் மூன்றையும் நீ சரளமாகப் பேசுவாய். எனக்கு இங்கிலீஷ் கேட்டால் புரியும், அவ்வளவுதான். கப்பலேறி வரும் தோல் வியாபாரிகளுக்கு நம் நாட்டு வழக்கங்களைச் சொல்ல ஒரு சின்னப் புத்தகம் எழுதும்படி முதலாளி உன்னிடம் கேட்டார். வணக்கம் எப்போது, சலாம் எப்போது, வலது கையால் சாப்பிடுவது, செருப்பை வாசலில் விடுவது எல்லாம் எழுதினாய். கடைசியில், தோல் பதனிடுகிறவர்கள் வீட்டுக்கும் போங்கள், தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள் என்று சேர்த்தாய். முதலாளி அந்த வரியை அடித்துவிடச் சொன்னார். அவர்கள் குடியிருந்த சேரிக்குள் அவரே கால் வைத்ததில்லை.

"அது இல்லன்னா புக்கே வேணாங்க," என்றாய்.

மெதுவாகத்தான் சொன்னாய். உன் வேலை போயிற்று என்றே நினைத்தேன். வருகிறவர்களில் ஒருவர் முகம் சுளித்தாலும் உன்னை அனுப்பிவிடுவதாகச் சொல்லிவிட்டுத்தான் அவர் அச்சுக்குக் கொடுத்தார்.

புத்தகத்தோடு முதலில் வந்த துரை, அப்படியொரு வீட்டைப் பார்க்க வேண்டும் என்றார். தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்யும் ராயப்பன் வீட்டுக்கு அழைத்துப் போனாய். முதலாளியும் நானும் கூட வந்தோம். துரை பூட்ஸைக் கழற்றிவிட்டுப் பாயில் உட்கார்ந்தார். ராயப்பன் மனைவி தயங்கித் தயங்கி நீட்டிய சொம்பை வாங்கிக் குடித்தார். பிறகு தெருவிலேயே நின்றுவிட்ட முதலாளியைக் காட்டி, அவர் ஏன் உள்ளே வரவில்லை என்று இங்கிலீஷில் உன்னைக் கேட்டார்.

முதலாளிக்கு இங்கிலீஷ் தெரியாது. வேறு எதையாவது சொல்லி நீ சமாளித்திருக்கலாம்.

"நீங்க ஏன் உள்ள வரலன்னு கேக்கறாருங்க," என்றாய்.

முதலாளி பாயில் உட்கார்ந்திருந்த துரையைப் பார்த்தார். பிறகு செருப்பை விட்டுக் குனிந்து உள்ளே வந்தார். அவரும் தண்ணீர் வாங்கிக் குடித்து முடித்ததும், "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?" என்று ராயப்பன் மனைவி கேட்டாள். இப்போது அவள் குரலில் தயக்கமே இல்லை. உன் சிநேகிதன் என்ற பெருமையில் அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

திரும்பும்போது, பயமாக இல்லையா என்று உன்னைக் கேட்டேன்.

"பயமாத்தான் இருந்துச்சு தோஸ்த். ஆனா அந்தம்மா என் மூஞ்சியே பாத்துனு இருந்தாங்க. எப்படி மாத்திச் சொல்றது?"

உன் இடத்தில் இப்போது நான் இருக்கிறேன். துரைமார்களின் பேச்சை முதலாளிக்கும், முதலாளியின் பேச்சைத் துரைமார்களுக்கும் சொல்வது என் வேலை. உன்னளவு இங்கிலீஷ் இன்னும் வரவில்லை. ஆனால், கேட்பவர் முகம் மாறினாலும் சரி, சொன்னதைச் சொன்னபடிதான் சொல்கிறேன்.