நான் வெட்டின பெடல் ரப்பர்

அம்பிட்டிய,
புதன்கிழமை.

அன்பு மகள் அனற்றுக்கு,

மாதாவின் புண்ணியத்தில் அப்பா கைகாலோடு நடமாடிக்கொண்டு இருக்கிறேன், நீயும் அந்த இத்தாலி மிலானோக் குளிரில் இருமல் சளி இல்லாமல் நேரத்துக்குச் சாப்பிட்டு சுகமாக இருக்க வேண்டும் என்று மெழுகுதிரி கொளுத்தும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். இதை நான் சொல்லச் சொல்ல பக்கத்து வீட்டு மரியகொறற்றி டீச்சர் எழுதுறாங்க, முடிந்ததும் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்புவாங்க. அப்பா ஏன் போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் தம்பி பக்கத்தில் நிற்கிறான், அவன் இல்லாத நேரம் பார்த்து எடுத்தால் நீ பராமரிக்கிற அந்த வீட்டுக் கிழவியைக் குளிக்க வைத்துக்கொண்டு நிற்கிறாய், அதோடு இந்த விஷயத்தை வாயால் சொல்லத் தொடங்கினால் பேச்சை நானே வேறு பக்கம் திருப்பிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் ஆரம்பித்து, மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேனே, அது இதுதான். முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. திங்கட்கிழமை நீ கொன்சலேட்டுக்குப் போய் அந்த வீட்டுப் பேப்பரில் கையெழுத்துப் போடாதே. உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன் மகள், போடாதே. வீடு உங்கள் இரண்டு பேர் பேரிலும் அம்மா எழுதி வைத்தது, உன் கையெழுத்து இல்லாமல் தம்பி கிஷானால் கார் வாங்க அதை ஈடு வைக்க முடியாது, அந்த ஒரு கயிற்றில்தான் இப்போது எல்லாம் தொங்குகிறது.

வீட்டில் வேறு குறை இல்லை. முழங்கால் படி ஏறும்போது மட்டும் சத்தம் போடுகிறது, நீ அனுப்பின தைலம் போடுகிறேன். குசினிப் பக்கத்துத் தகரம் ஒழுகுகிறது, கிஷான் இந்த மாதம் மாற்றுகிறேன் என்றான், அவனுக்கு எங்கே நேரம், இருபத்து நாலு மணி நேரமும் கார், கார், கார். அவனைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஹோட்டல் வேனை ஓட்டி ஓட்டி முதுகுதான் போனது, முன்னுக்கு வந்த பாடில்லை. அவன் கட்டப்போகிற நதீஷா வீட்டில் கல்யாணத்துக்கு நாள் கேட்டு இரண்டு தரம் ஆள் வந்துவிட்டது. இந்த நேரத்தில்தான் யாரோ சொல்லியிருக்கிறார்கள், கண்டியில் கல்யாண ஹயருக்கு, வாடகைக்கு விட, ஹூட் என்கிற மேற்கூரை திறக்கிற கார் இரண்டோ மூன்றோதான் இருக்கிறது, பொண்ணு மாப்பிள்ளையை வைத்து வாவியைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓட்டினால் போதும் என்று. கண்டி மழையில் ஹூட்டைத் திறந்தால் பொண்ணு நனைந்த கோழியாகத்தான் மேடைக்குப் போகும் என்றேன், அப்பா நீங்க லாந்தர் காலத்து ஆளு, ஒரு பட்டன் அமுக்கினா பதினெட்டு செக்கன்ல மூடிக்கும் என்றான். சிரித்தோம். அன்றைக்கு நானும் சிரித்தேன்.

அக்குறணையில் ரஸீன் என்று ஒருவர் பழைய கார் விற்கிற கார் சேல் வைத்திருக்கிறார், கிஷான் ஆசைப்பட்ட கார் அங்கேதான் நிற்கிறது. கடும் நீலம், ஜேர்மன் கார், படம் உனக்கும் அனுப்பியிருக்கிறான். நீயும் போன கிழமை என்னிடம், அப்பா அம்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு, ஃபுல் ஒப்ஷன் வேற, இந்த விலைக்கு இனி கிடைக்காது, அவன் ஆசைப்படுறான் விடுங்க என்று சொன்னாய். உனக்கு அவன் காட்டின கணக்கு அப்படி. எனக்கும் ஒப்பித்துக் காட்டினான், சீற்றுக்கு ஹீட்டர் இருக்காம், ஹூட்டைத் திறந்துகொண்டு போகும்போது கழுத்துக்குப் பின்னால் சூட்டுக் காற்று ஊதுமாம், பன்னிரண்டு ஸ்பீக்கராம், சீற்று நம்முடைய உயரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுமாம், பதினெட்டு அங்குல ரிம்மாம், உள்ளே வெள்ளைத் தோல். நான் சொன்னேன், மகன், முப்பத்தொரு வருஷம் கட்டுகஸ்தோட்டை கராஜில் காருக்குக் கீழே படுத்தவன் நான், ஒவ்வொரு ஒப்ஷனும் ஒரு வயர், ஒரு மோட்டர், பழுதாகப் போகிற இன்னொரு சாமான். கழுத்துக்குச் சூட்டுக் காற்று நுவரெலியாவுக்கு சரி, நம்முடைய வெயிலுக்கு எதற்கு. அந்த ரிம்மோடு அம்பிட்டிய வளைவுகளில் ஒரு குழியில் விழுந்தால் டயருக்கு எங்கே போவாய். ஹூட்டும் சீற்றும் நல்லது என்றால் உன் தொழிலுக்குப் போதும், மற்றதை இல்லாத ஒப்ஷன் என்று நினைத்து விலை பேசு. கூட ஓடியிருக்கிறது என்று ஒரு காரைத் தள்ளாதே, ஒழுங்காக ஒயில் மாற்றி, எழுதி வைத்து, இரண்டு லட்சம் ஓடின கார் உன்னைக் கைவிடாது. குறைய ஓடினது என்று சொன்னால்தான் நான் கீழே குனிந்து பார்ப்பேன். இவ்வளவும் காரைக் காணமுதல் சொன்னது. காரைக் கண்ட பிறகு கதை வேறு.

போன ஞாயிறு பூசை முடிந்து என்னை நேரே அங்கே கூட்டிப் போனான், வாங்கமுதல் அப்பா கை வைத்து ஜெபம் சொல்ல வேண்டுமாம், டாஷ்போட்டில் மாட்ட அந்தோனியார் பதக்கம்கூட வாங்கி வைத்திருந்தான். ரஸீன் மரியாதையான மனுஷன், ஐயா முதல்ல உக்காருங்க, சாவி உங்க கையிலயே இருக்கட்டும் என்று கொடுத்தார். கதவைத் திறந்ததும் செண்டு வாசம், அதற்கு அடியில் ஈரச் சாக்கு வாசம். ஜெபம் சொல்லத் தலையைக் குனிந்தேன். பிரேக் பெடல் கண்ணுக்கு நேரே. அதன் ரப்பரில் இடது பக்க மூலை சரிவாக வெட்டியிருந்தது. அனற், அந்த வெட்டு என்னுடையது.

டீச்சர் பேனையை நிறுத்திவிட்டு, சூசை அண்ணே இதையும் எழுதவா என்று கேட்டாங்க. எழுதுங்க டீச்சர், இதுக்குத்தான் மற்றதெல்லாம் என்றேன். நீ இத்தாலிக்குப் போன வருஷம், அதே மாதம், அந்தக் கார் எங்கள் கராஜுக்கு வந்தது. எனக்கு எழுத்துத் தெரியாதே தவிர இலக்கம் தெரியும், ஸ்பெனரும் பஸ் நம்பரும் படிப்பித்தது. அன்றைக்கு மீட்டரில் ஒரு லட்சத்து அறுபத்து மூவாயிரத்து நானூற்றி எட்டு. முதலாளி கொழும்பிலிருந்து ஒரு மெஷினோடு ஒருத்தனைக் கூப்பிட்டிருந்தார், அவன் டாஷ்போட்டுக்குக் கீழே வயரைச் செருகினான், நான் டோர்ச் பிடித்தேன், காப்பி குடித்து முடிக்கிற நேரத்தில் அது நாற்பத்தோராயிரம் ஆகிவிட்டது. ஆனால் பெடல் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தது. நாற்பதாயிரம் ஓடின காரில் இரும்பு தெரியாது. இதைப் பார்த்தால் குழந்தையும் கண்டுபிடிக்கும் முதலாளி என்று சொன்னது நான். மகள், யாரும் என்னைக் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன், வேலை தெரிந்தவன் என்ற திமிர். புது ரப்பர் வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள், நான் வேறு ஒரு காரின் ரப்பரை எடுத்து மூலையை பிளேடால் சரித்து வெட்டிக் கச்சிதமாகப் போட்டேன். ஸ்டியரிங் தோலைப் பொலிஷ் பண்ணினேன். டிக்கிக் கம்பளத்துக்குக் கீழே ஹூட்டைத் தூக்குகிற மோட்டர் தண்ணீரில் ஊறித் துரு ஏறியிருந்தது, தண்ணீர் இறங்குகிற குழாய் அடைத்துப்போய்த் தண்ணீர் உள்ளே வருகிற வருத்தம், அந்தக் கோளாறைத் திருத்தாமல் மேலே கறுப்புப் பெயின்ட் அடித்ததும் நான். முதலாளிக்கு அவ்வளவு சந்தோஷம், தோளில் தட்டி, சூசை உன் மகள் ஏயார்போட் போக என் வேனை எடுத்துக்கோ என்றார். நீ கட்டுநாயக்காவுக்குப் போன வேன் அதுதான். நீ பின் சீற்றில் அம்மா மடியில் தலை வைத்து அழுதுகொண்டு வந்தாய், நான் முன்னுக்கு இருந்து பெருமையாக ஓட்டினேன். அந்தக் கார் யார் தலையில் விழுமோ என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட நான் நினைத்ததில்லை. ஒன்பது வருஷம் கழித்து என் பிள்ளை தலையிலேயே விழ வந்து நிற்கிறது.

அன்றைக்கு கார் சேலில் ஜெபத்தைப் பாதியில் விட்டு இறங்கிவிட்டேன். வருகிற வழியில் கிஷானிடம் மீட்டர் பொய் என்று மட்டும் சொன்னேன். எப்படித் தெரியும் என்றான். பார்த்தால் தெரியும் என்றேன். அவன் ஒரு பேப்பரைக் காட்டி, இது செக் பண்ணின ரிப்போட், கம்ப்யூட்டர் எழுதினது, உங்களுக்கு வாசிக்கத் தெரிஞ்சா வாசிங்க அப்பா என்றான். சொன்ன பிறகு அவனுக்கே முகம் சுருங்கிவிட்டது, பிள்ளை அப்படிப் பேசுகிறவன் இல்லை, ஆசை பேச வைத்தது. அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல முடியவில்லை. ஏன் தெரியுமா, அரை மணிக்கு முன்னால்தான் ரஸீனிடம், எங்கப்பா படிக்காதவர்தான், ஆனா முப்பது வருஷத்துல ஒரு போல்ட்டைக்கூட ஏமாத்திப் பூட்டாத மனுஷன் என்று சொன்னான். சின்ன வயதிலிருந்து அதைச் சொல்லித்தான் அவன் வளர்ந்தான், பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளின் அப்பாமார் கிளார்க், மாஸ்டர், அவனுக்குச் சொல்லிக்கொள்ள இருந்தது இது ஒன்றுதான். அதை என் கையாலேயே பிடுங்க வேண்டியிருக்கிறது. ஒரு லட்சத்து எண்பதாயிரம் ஓடின கார், ஊறிப்போன மோட்டர், முதல் கல்யாணத்திலேயே ஹூட் பாதியில் நிற்கும், அதற்குச் சாமான் இந்த நாட்டில் இல்லை, கார் வாசலில் நிற்க வீடு போகும். வீடு போனால் நதீஷா வீட்டார் என்ன சொல்வார்கள், அவன் எங்கே போவான், இதெல்லாம் ஒரு துண்டு ரப்பரால்.

ரஸீன் பேரில் பிழை இல்லை, அன்றைக்கு நான் கேட்டதற்கு, தான் வாங்கும்போதே மீட்டர் இப்படித்தான் இருந்தது என்றார், நான் நம்புகிறேன், என் வேலை அவ்வளவு கச்சிதம். சனிக்கிழமை காலை கிஷான் முற்பணத்தோடு அங்கே போகிறான். அவனுக்கு முன்னால் நான் பஸ் ஏறுகிறேன். அன்றைக்குக் கழற்றின பழைய ரப்பரை நான் எறியவில்லை, ஆணி வைக்கிற பிஸ்கட் டின்னில் கிடந்தது, நேற்று தேடி எடுத்தேன், இரும்பு தெரிகிற ஓட்டையோடு அப்படியே இருக்கிறது. அதைக் கொண்டுபோய் ரஸீனுக்கும் உன் தம்பிக்கும் முன்னால் அந்தப் பெடலில் பூட்டிக் காட்டப் போகிறேன். டிக்கிக் கம்பளத்தையும் தூக்கிக் காட்டுவேன். பேப்பர் வாசிக்கத் தெரியாது, ஆனால் என் வேலையை நானே வாசித்துக் காட்டுவேன். அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசுவானோ மாட்டானோ தெரியாது. என்னை நம்பாமல் கோபத்தில் வாங்கியே தீருவேன் என்று நின்றாலும் நிற்பான், நம்முடைய ஆட்களின் ரோசம் உனக்குத் தெரியும், அதனால்தான் உன் கையைப் பிடிக்கிறேன். அவன் போன் பண்ணி அழுதாலும், அக்கா உனக்கும் என் மேல நம்பிக்கை இல்லையா என்று கேட்டாலும், போடாதே. அவனிடம் கோபப்படவும் வேண்டாம். வேறு கார் பார்ப்போம், ஒப்ஷன் இல்லாத, நன்றாக ஓடின, உண்மையான சர்வீஸ் புத்தகம் உள்ள கார், அப்பாவே கீழே படுத்துப் பார்க்கிறேன் என்று நான் சொன்னதாகச் சொல்லு, என் முழங்கால் அதற்கு மட்டும் மடங்கும். அவன் எனக்கு முகம் கொடுக்காவிட்டால் நீயாவது தினம் அவனோடு பேசு, சாப்பிட்டானா என்று கேள்.

உனக்கும் என்னைப் பற்றி வேறு மாதிரித் தோன்றும், தோன்றட்டும். அந்த வேனில் ஏறிப் போனதற்கு நீ மனம் நோகாதே, உனக்கு ஒன்றும் தெரியாது. கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ, அந்தக் கிழவியைத் தூக்கும்போது முதுகை நேராக வைத்துத் தூக்கு. ஆண்டவர் உன் வழிக்கெல்லாம் காவல் நிற்கட்டும், உன் அம்மாவின் ஆசீர்வாதமும் கூட வரும். திங்கட்கிழமையை மறந்துவிடாதே.

டீச்சர் எனக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடவா என்று கேட்டாங்க, வேண்டாம் என்று இடது கைப் பெருவிரலை மையில் தொட்டு நானே வைக்கிறேன். ரேகைக்கு நடுவில் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு ஓடும் பார். அந்த மூலையை வெட்டினபோது பிளேடு வழுக்கின இடம் அது. கிஷான் என்னை நம்பாவிட்டால், இந்தப் படத்தை அனுப்பி அதையும் அவனுக்குக் காட்டு.

உன் அப்பா,
சூசை
(இடது கைப் பெருவிரல்)