ஒரு சைஸ் சின்ன ஷூ

பாப்பாவின் அப்பாவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் இருமல் நின்றதா? மருந்தைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். வீட்டுக்காரர் ஒழுகிய குழாயை ஒருவழியாக மாற்றிக் கொடுத்துவிட்டார். கேட்டுக் கேட்டு என் வாய்தான் வலித்தது.

போனில் சொன்னால் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள், நான் அழுவேன், விஷயம் அப்படியே நின்றுபோகும். அதனால்தான் எழுதுகிறேன்.

செருப்புக்கடையில் என்னைப் பிள்ளைகள் பகுதிக்கு மாற்றி ஆறு மாதம் ஆகிறது. முக்காலியில் உட்கார்ந்து ஷூ மாட்டிவிட வேண்டும். அங்கிருந்து பார்த்தால் பெற்றவர்களின் கைதான் முதலில் தெரியும். மேலே முகம் சிரிக்கும், கீழே கை பிள்ளையின் தொடையைக் கிள்ளும். பல்லைக் கடித்துக்கொண்டு, "வீட்டுக்கு வா, உனக்கு இருக்கு" என்பார்கள். யாராவது ஒருவர் தானும் தரையில் உட்கார்ந்து, பிள்ளை அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தால், செல்லம் கொடுத்தே கெடுக்கிறாங்க என்று மற்றவர்கள் முணுமுணுப்பார்கள்.

அடிக்குப் பயந்த பிள்ளை ஷூ கடிக்கிறது என்று சொல்லவே சொல்லாது. விரல் மடங்கிக் கிடந்தாலும், "சரியா இருக்கு ஆன்ட்டி" என்றுதான் சொல்லும். அதனால் நான் கேட்பதையே விட்டுவிட்டு, முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொள்வேன்.

ஊருக்குத்தான் உபதேசம். வீட்டில் கோட்டைவிட்டேன்.

விடுப்பு முடிந்து நீங்கள் கிளம்பிய அன்று பஸ் நிலையத்தில் பாப்பா புது ஷூவை உதறிவிட்டுத் தரையில் புரண்டாளே, அவ்வளவு ஆசையாக வாங்கி வந்ததை எறிகிறாளே என்று அறைந்தீர்கள். வரிசையில் நின்ற ஒருவர், "விடுங்க சார், குழந்தைதானே" என்றார். அந்தச் சொல்லுக்குத்தான் பாப்பாவுக்கு இரண்டாவது அறை விழுந்தது. நான் பையைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். கடையில் எந்த அம்மாக்களை மனதுக்குள் திட்டுகிறேனோ, அவர்களில் ஒருத்தியாக நின்றேன்.

அதன்பிறகு அவளே தினமும் அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனாள். சாக்ஸைக்கூட என்னைக் கழற்ற விடவில்லை. பொறுப்பு வந்துவிட்டது என்று பூரித்துப்போனேன், முட்டாள். நேற்று நகம் வெட்டக் காலைப் பிடித்தால், இரண்டு கட்டைவிரலிலும் நகம் கறுத்துப் போயிருக்கிறது. ஷூ ஒரு சைஸ் சின்னது. போன வருஷக் கால் அளவை மனதில் வைத்து வாங்கியிருக்கிறீர்கள். தூரத்தில் இருப்பவருக்கு வேறு எப்படித் தெரியும்?

ஏன்டி சொல்லவில்லை என்று கேட்டேன். "கடிக்கலம்மா. அப்பாகிட்ட சொல்லாத" என்றாள்.

பாப்பா ஏன் போனுக்கு வருவதில்லை என்று போன வாரம் கேட்டீர்கள். இதனால்தான். உங்களைக் குற்றம் சொல்கிறேன்தான், என்னையும் சேர்த்துத்தான்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது எப்படியாவது அவளைப் பேச வைக்கிறேன். பாடம் படித்தாயா என்று கேட்காதீர்கள். ஷூ கடிக்குதா என்று கேளுங்கள். இல்லை என்பாள். நம்பாதீர்கள், திரும்பக் கேளுங்கள். எவ்வளவு நேரமானாலும் சரி, ஆமாம் என்று அவள் உங்களிடம் சொல்லும்வரை போனை வைக்காதீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா