ரிவால்வர் ரசீது

பங்குனி, செவ்வாய்

எங்கள் பீங்கான் சூளையில் திருட்டு நடந்தபின் நான் வாங்கிய ரிவால்வரை, தேர்தல் முடியும்வரை லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்ததால் இன்று காவல் நிலையத்தில் ஒப்படைத்தேன். விற்பனைக்கு அனுப்பும் ஜாடிகளைப் போலவே வைக்கோல் சுற்றி அட்டைப்பெட்டியில் கொண்டுபோனேன். ஏட்டு சிரித்துவிட்டார்.

"லைசென்ஸ் சாரு பேர்லதான இருக்குது? அவருதான் வரணும்மா."

"என் பேர்லதாங்க. ரெண்டு தடவை புதுப்பிச்சாச்சு."

நம்பாமல் புத்தகத்தைப் புரட்டினார். நானே ரிவால்வரைத் திறந்து, குண்டு இல்லையென்று காட்டினேன். உடனே நாற்காலி வந்தது.

"சாரு வரலிங்களா?"

"வாசல்ல வண்டியில இருக்காரு. துப்பாக்கின்னா அவருக்குப் பயங்க."

வண்டியில் இருந்த என் கணவர் காதில் இது விழுந்திருக்க வேண்டும்.  வீட்டுக்கு வந்து சாப்பிட்டதும், ஏட்டு எழுதித் தந்த ரசீதைக் கேட்டு வாங்கினார். என் பெயரை இரண்டு முறை சத்தமாகப் படித்துவிட்டு, பீரோவில் தன் நிலப் பத்திரங்களுக்கு மேலே வைத்தார்.