நடந்தே தீர்ந்துவிடும் ஊர்

அன்புள்ள வாண்டுவுக்கு,

அம்மா எழுதுவது. எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனசைப் பற்றி வரிசையாகச் சொல்கிறேன். நீ இரண்டிலும் நன்றாக இருக்க வேண்டும். இருமல் நின்றதா என்று போன வாரமே கேட்டேன், பதிலைக் காணோம்.

போனில் சொன்னால் பாதியில் உனக்கு வேலை வந்துவிடும், அதனால் எழுதுகிறேன். கடலே இல்லாத ஒரு பெருநகரத்தில், ஆறுகளின் ஆழத்தை அளக்கும் திட்டத்துக்கு இரண்டு வருஷத்துக்கு ஆள் கேட்டிருந்தார்கள். எங்கே கிடைக்கப்போகிறது என்று அப்பாவிடம் சொல்லாமல் விண்ணப்பித்தேன். கிடைத்துவிட்டது. இருபது வருஷமாகத் துறைமுக அலுவலகத்தில் இதே விரிகுடாவின் ஆழத்தைத்தான் அளந்து வரைபடமாக வரைகிறேன், கண்ணை மூடிக்கொண்டும் வரைவேன். நம் ஊரைத் தலைநகரம் என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். அமைச்சகத்திலிருந்து மீன் சந்தைக்கு ஆறு நிமிஷம், மதியச் சாப்பாட்டுக்கு அமைச்சரே குடை பிடித்து வீட்டுக்கு நடக்கிறார். யாருக்கும் அவசரமில்லை, எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. மனசு சரியில்லை என்று நடக்கக் கிளம்பினால் நாற்பது நிமிஷத்தில் ஊர் தீர்ந்து நம் வாசலிலேயே வந்து நிற்கிறேன்.

ஆணை வந்த செவ்வாய்க்கிழமை, எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே கடலோரமாகச் சுற்றி வந்தேன். ஆணையைக் கொண்டுவந்து கொடுத்த எங்கள் அலுவலகத் தபால் பிரிவுக்காரர் குறுக்குத் தெருவில் முந்திக்கொண்டார். முடிவெட்டும் கடையில் குனிந்து உட்கார்ந்திருந்த அப்பாவிடம், "என்ன சார், இனிமே சமையல் நீங்கதானா?" என்று கேட்டாராம். அப்பாவும், "இப்ப மட்டும் யாராம்?" என்று சிரித்து மழுப்பினாராம். வீட்டில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. நான் ஒத்திகை பார்த்தேன், அவர் காத்திருந்தார். வெள்ளிக்கிழமை ஒருவழியாகச் சொன்னபோது துணி மடித்துக்கொண்டே, "இந்த ஊர்ல எங்க போனாலும் பத்து நிமிஷம். சமையலறையிலேர்ந்து கூடத்துக்கு வர உனக்கு மூணு நாளாச்சா?" என்றார். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

சனி, ஞாயிறு அவர் மாலை நடைக்குப் போகவில்லை, கேட்டால் முழங்கால் வலி என்கிறார். வழியில் ஆளாளுக்கு "போறாங்களாமே" என்பார்களே, அதுதான் வலி. இருக்கச் சொன்னால் இருந்துவிடுகிறேன் என்றேன். "அந்தப் பழியை என் தலையில போடாதே. போகட்டுமான்னு கேட்காதே. போறதா இருந்தா போறேன்னு சொல்லு, முதல்ல எங்கிட்ட சொல்லு" என்றார்.

இன்று காலை அலுவலகத்துக்குப் போகும் வழியில் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடையில் ஏறி, வாடிக்கையாளர் முன்னாலேயே "போறேன்" என்றேன். தலையை ஆட்டினார். துடைத்து முடித்த கண்ணாடியை மறுபடியும் துடைத்தார். பிறகுதான் போய்ச் சம்மதக் கடிதத்தைக் கொடுத்தேன். முதல் தேதி பயணம். சந்தோஷமா என்று கேட்காதே, இன்னும் தெரியவில்லை.

நீ நீண்ட ஆயுளோடும் நிம்மதியோடும் இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிடு. ஒன்றை மறந்துவிடாதே. இத்தனை வருஷம் என் போனில்தான் அப்பாவோடு பேசியிருக்கிறாய். இனி அவரைத் தனியாகக் கூப்பிட வேண்டும். அவர் எண் உன்னிடம் இருக்கிறதா?

உன் அம்மா