அஸாரா அம்மா வீட்டு ஆடு

சாவெலுகு
3 நவம்பர் 1998

அன்புள்ள லாரிபா அக்காவுக்கு,

நேற்று அஸாரா அம்மாவின் முழங்கை நடுங்கியதைப் பார்த்தேன். மற்றவர்கள் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஷியா மரக்கொட்டையை அரைத்த விழுதைக் கையால் கடைந்து வெண்ணெய் எடுக்கும் அண்டாவில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். நாங்கள் நாலு பேர். இருவர் கடைய, இருவர் காத்திருந்து கை மாற்ற வேண்டும். ஆனால் பெரியவர் கேட்காமல் சின்னவள் அவர் இடத்தில் கை வைத்தால் மரியாதை இல்லை. அஸாரா அம்மாவோ கேட்கவே மாட்டார். அவர் கை ஓய ஓய விழுது இறுகி, வெண்ணெய் எழும்பாமல் பழுப்பாகவே கிடக்கிறது. பக்கத்து அண்டாக்காரிகள், "என்னடி, சேறா கடையுறீங்க?" என்று சிரிக்கிறார்கள்.

எங்கள் வெண்ணெய்ச் சங்கத்தின் தலைவி நேமாத்து சொல்லிவிட்டார்: "மாசக் கடைசிச் சந்தைக்குள்ள வெண்ணெய் வெளுக்கலேன்னா இந்த அண்டாவைக் கலைச்சிடுவேன். அஸாராக்கா வீட்ல உக்காரட்டும். வாசிலா பழையபடி கொட்டை பொறுக்கட்டும்."

எனக்குப் போக மனமில்லை அக்கா. பள்ளிக்கூடத்தை விட்டபின், நான் வாய் திறக்காமலே மற்றவர்கள் பேச்சுக்குள் இருக்கும் இடம் இது ஒன்றுதான்.

உன் காலில் பட்ட சூடு ஆறியதா? உன்னைவிட நம் கோழி என்னை அதிகம் விசாரிக்கிறது.

உன் தங்கை
வாசிலா


குமாசி
9 நவம்பர்

என் வாயில்லாப் பூச்சிக்கு,

கால் ஆறிவிட்டது. கோழிக்கு என் நன்றி.

எங்கள் சாப்பாட்டுக் கடையில் ஃபூஃபூ உருண்டைக்கு அவித்த கிழங்கை இடிக்கும்போது முதலாளியம்மா உலக்கைத் தாளத்திலேயே கத்துவாள்: "ஏ நெட்டைக்கொக்கு, உம் புருஷன் வந்துட்டான், ஓடு!" நெட்டைக்கொக்குக்குப் புருஷனே கிடையாது. சிரித்துக்கொண்டே உலக்கையை அடுத்தவளிடம் கொடுத்துவிடுவாள். களைத்துவிட்டேன் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒன்று, களைக்கும் முன்பே கூப்பிட வேண்டும். களைத்தபின் கூப்பிட்டால் அது கேலி.

உங்கள் அண்டாவிலும் பாட்டு உண்டே. அப்படி ஒரு கூப்பாட்டை அதில் சேர்த்துப் பாடு.

முத்தங்களுடன்
லாரிபா


சாவெலுகு
16 நவம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

நானா? பாடுவதா?

எப்போதும் பாட்டெடுக்கும் ஹபீபாவிடம் அப்படிப் பாடச் சொல்லிக் கெஞ்சினேன். "தாயே, அவங்க என் மாமியாரு! அப்புறம் எனக்குச் சோறு யாரு போடுவா?" என்றாள். நாலாவது ஆள் ருக்காயா அம்மா, அஸாரா அம்மாவின் சக்களத்தி. "நான் கூப்பிட்டா, வேணும்னே பொழுது சாயுற வரைக்கும் கடைவா," என்றார்.

அண்டாவில் அவருக்கு எந்த உறவும் இல்லாதவள் நான் ஒருத்திதான்.

பயத்துடன்
வாசிலா


சாவெலுகு
27 நவம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

நாளை சந்தை. இன்று காலை ஹபீபா பாட்டெடுத்தாள். அஸாரா அம்மாவின் கை இன்னும் களைக்காமல் வேகமாகத்தான் ஓடியது. களைக்கும் முன்பே என்று எழுதினாயே. ஹபீபா மூச்சு வாங்கிய இடைவெளியில் வாயைத் திறந்துவிட்டேன்:

"அஸாராம்மா வீட்டு ஆடுங்க
அவிச்ச கிழங்கைத் தின்னுது, ஓடுங்க!"

அத்தனை அண்டாவும் நின்றுபோயின. ருக்காயா அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

அஸாரா அம்மா என்னையே பார்த்தார். "எங்கிட்ட ஆடே இல்லையேடி!"

"அப்ப யாரு ஆடுன்னு போய்ப் பாருங்கம்மா."

இதைச் சொன்னவளும் நான்தான் அக்கா.

உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "ஊமைன்னுல்ல நெனச்சேன் இவளை!" என்றபடி கையை வழித்துக்கொண்டு எழுந்தார். நான் உட்கார்ந்து கடைந்தேன். என் தோள் வலிக்கத் தொடங்கும் முன்பே பின்னாலிருந்து அவர் குரல் வந்தது: "வாசிலாவுக்கு மாப்பிள்ளை வந்தாச்சு, காது ரெண்டும் முறமாச்சு, எந்திரி!" ருக்காயா அம்மாவை அவர் எழுப்பிய வரிகளைக் கடிதத்தில் எழுத முடியாது.

நண்பகலுக்குள் வெண்ணெய் வெளுத்துப் பொங்கியது. நேமாத்து வந்து விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இனிமேலும் இதே நாலு பேருதானே?" என்று ஹபீபா கேட்டாள்.

"இந்த வாயாடிகளை வேற எந்த அண்டா தாங்கும்?" என்றார் நேமாத்து.

நான் அடுத்த பாட்டை எடுத்தேன்.

வாசிலா