இரண்டு வீட்டுக்கு நடுவே தண்ணீர்

மார்ச் 12

அன்பு மச்சானுக்கு, அத்தான் எழுதுறது.

நாங்க சுகம். உன் தொப்பையும் சுகமா இருக்கும்னு நம்புறேன். "போன வெள்ளம் நின்ன மட்டத்துக்கு மேல தரை இருந்தாத்தான் இன்சூரன்ஸ்"னு கம்பெனி ஆபீசரா நின்னு என்கிட்டயே சட்டம் பேசினே இல்ல, அப்படியே செஞ்சுட்டேன். மனை முழுக்க இடுப்பு உயரத்துக்கு மண் அடிச்சு, சுத்துச்சுவர் எழுப்பி, அதுமேல வீடு. ஊருக்கெல்லாம் கட்டிக் கொடுத்த கொத்தனாருக்கு இப்பத்தான் சொந்த வீடு. படி ஏறி இறங்கி முட்டி வலிக்குதுன்னு உன் அக்கா திட்டுறா. பக்கத்துல தன் வீட்டு வாசல்ல உக்காந்துக்கிட்டு உங்க அப்பா அண்ணாந்து பாக்குறார். "மாப்பிள்ளை, இனிமே உங்ககூடப் பேசணும்னா ஏணி வேணும்போல"ங்கிறார். நீ வந்து பாத்து ஒரு கையெழுத்தைப் போடு. டீயில சர்க்கரை கூடப் போடச் சொல்றேன். அதை லஞ்சம்னு எழுதிடாதே.

இப்படிக்கு,
உன் அக்காவைக் கட்டிக்கிட்டு மாட்டிக்கிட்டவன்


ஏப்ரல் 20

அன்புள்ள அத்தானுக்கு,

நான் பார்த்து எழுதியதை மேலிடத்தில் ஏற்றுக்கொண்டார்கள். பாலிசியை இத்துடன் வைத்திருக்கிறேன். மண்மேட்டையோ சுவரையோ மாற்றினால் பாலிசி செல்லாது, மறந்துவிடாதீர்கள். ஆற்றோரம் கட்டுகிறவர்களுக்கு இப்போது உங்கள் வீட்டைத்தான் காட்டுகிறோம். மழைக்கு முன்னால் அப்பாவை உங்கள் வீட்டுக்கு அழைத்துக்கொள்ளுங்கள். நான் சொன்னால், "ஏன், எனக்கு வீடு இல்லையா?" என்கிறார்.

அன்புடன்,
மச்சான்


நவம்பர் 9

மச்சான்,

வெள்ளம் வந்து வடிஞ்சுடுச்சு. எங்க தரையில ஒரு சொட்டு ஏறல. உங்க அப்பா வீட்டுப் பின்சுவர் விழுந்துடுச்சு.

வருஷா வருஷம் வர்ற தண்ணி காலியாக் கிடந்த என் மனையில பரவித்தான் ஆத்துக்குப் போகும். இந்தத் தடவை என் சுவர்ல முட்டி, திரும்பி, அவர் வீட்டுக்குள்ள போச்சு. என் வாசல்ல நின்னு பாத்தேன். இறங்கிப் போய் அவரை முதுகுல தூக்கிட்டு வந்தேன். சுவர் விழுந்ததுல அவருக்கு இடுப்புல அடி. எங்க கூடத்துலதான் படுத்திருக்கார். உன் அக்கா ஊட்டினா சாப்பிடுறார். நான் உள்ள வந்தா திரும்பிப் படுத்துக்கிறார். சிரிக்க வெச்சுப் பாத்தேன், அசையல. தெருவே வந்து, "வீடுன்னா இப்படிக் கட்டணும்"னு என் முதுகைத் தட்டிட்டுப் போகுது.

அவர் வீட்டுப் பக்கம் இருக்கிற என் சுத்துச்சுவரை இடிச்சு, மண்ணை வெட்டி, தண்ணிக்கு வழி விடப்போறேன். நீ என்ன சொல்றே?

அத்தான்


நவம்பர் 15

அன்புள்ள அத்தான்,

தயவுசெய்து இடிக்காதீர்கள். அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று எங்கள் படிவத்தில் கேள்வியே இல்லை. நானும் கேட்கவில்லை. கண்ணை மூடினால் அப்பா முகம்தான் வருகிறது. ஆனால் மண்ணை எடுத்தால் பாலிசி ரத்து. நாளைக்கு உங்கள் அஸ்திவாரத்தை வெள்ளம் அரித்தால் அக்காவும் பிள்ளைகளும் எங்கே போவார்கள்? அப்பா வீட்டுக்கு எந்தக் கம்பெனியும் பாலிசி தராது. அந்த வீட்டை விட்டுவிடலாம். அவரை நான் இங்கே அழைத்துக்கொள்கிறேன்.

மச்சான்


டிசம்பர் 2

அன்பு மச்சானுக்கு,

இடிச்சுட்டேன். உன் கடிதத்தை உன் அக்காவுக்குப் படிச்சுக் காட்டினேன். அவதான் போய் முதல் கூடை மண்ணைத் தூக்கினா.

நீ கூப்பிட்டதை உங்க அப்பாகிட்டச் சொன்னேன். "அவன் வீடு எத்தனாவது மாடி?"ன்னார். அஞ்சாவதுன்னேன். கண்ணை மூடிக்கிட்டார். அப்புறம் ஒருநாள் கம்பை ஊணிக்கிட்டு வெளிய வந்து பள்ளத்தைப் பாத்தார். ஏதாவது நல்ல வார்த்தை சொல்வார்னு மண்வெட்டியோட நின்னேன். "ஆழம் பத்தாது"ன்னுட்டு உள்ள போயிட்டார். இன்னும் வெட்டினேன்.

நேத்து நல்ல மழை. தண்ணி ரெண்டு வீட்டுக்கும் நடுவுல போச்சு. என் பக்கத்து மண்ணைக் கொஞ்சம் அரிச்சுக்கிட்டுத்தான் போச்சு. கல் வெச்சுக் கட்டணும். அதுக்கு முன்னாடி அவர் பின்சுவரை எழுப்பணும். லீவு போட்டுட்டு வா. ஆபீசரா வேண்டாம், செங்கல் எடுத்துக் கொடுக்க ஆள் இல்ல. கை கொப்பளிக்கும், பரவாயில்ல.

பாலிசியைத் திருப்பி அனுப்பியிருக்கேன். ரத்துன்னு நீயே எழுதி, நீயே கையெழுத்துப் போடு. வேற யார் போட்டாலும் அவங்களுக்கு ஏன்னு தெரியாது.

அத்தான்