பொமிக்குக் கண் பரிசோதனை

பொமியின் அப்பாவுக்கு,

வசந்தத்தில் பிறப்பாள் என்று வயிற்றில் இருக்கும்போதே பொமி என்று வசந்தத்தின் பெயரை வைத்தீர்கள். குறைமாதத்தில், பனியோடு வந்துவிட்டாள். "பிழைக்கட்டும், அப்புறம் பேரைப் பதியலாம்" என்று பூசான் நகருக்குக் கிளம்பினீர்கள். அதைப் பற்றி எழுதப்போவதில்லை.

இன்று கண் பரிசோதனை. டாக்டர் இமையை விலக்கி விழியை லேசாக அழுத்தியதும், திரையில் நூற்றைம்பதாக ஓடிய இதயத்துடிப்பு எழுபதுக்கு இறங்கியது. டாக்டர் சட்டென்று கையை எடுத்துவிட்டார்.

"பொமி! எங்கடி போற? வாடி இங்க!" என்று உள்ளங்காலைத் தேய்த்தபடி அதட்டினார் நர்ஸ்.

எண்பது. நூற்றுப்பத்து. நூற்றைம்பது. இத்தனூண்டு உடம்பு, எவ்வளவு தூரம் போய்த் திரும்பியது!

பிறகு டாக்டர் பரிசோதனையை முடித்தார். கண்கள் நன்றாக இருக்கின்றன. நீங்கள் வைத்த பெயருக்குத்தான் திரும்பினாள்.

அடுத்த வியாழன் மறுபடி பார்க்கிறார்கள். இந்த முறை நீங்கள் வந்து கூப்பிடுங்கள்.

பொமியின் அம்மா